மூன்றாம் தொட்டி

சனிக்கிழமைகளில் மீன்களுக்குத் தீர்ப்பெழுதுகிறேன்.
ஃபரோ தீவுகள், கிளாக்ஸ்விக்,
துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஆலை.
நீல ரப்பர் கையுறை, காதடைப்பான், தலைவலை.
பட்டை நகரும், சால்மன் வரும்,
கண்ணுக்குக் கொடுத்த நேரம் இரண்டு நொடி.

பளபளவென்று வந்தால் முதல் தொட்டி.
செதில் கொஞ்சம் உதிர்ந்திருந்தால் இரண்டாவது.
முதுகு வளைந்தது, தாடை கோணியது,
வலையில் உரசிக் காயம்பட்டது
எல்லாம் மூன்றாவது.
அதன்மேல் பெயர்கூட எழுதவில்லை.

இரண்டு நொடி எப்படிப் போதும் என்றுதான் நினைத்தேன்.
போதும். ஒரே வாரத்தில் கை பழகிவிட்டது.
பள்ளியில் ஜன்னல் கண்ணாடியைக் கடக்கும்போதும்
கண் பழகிவிட்டது.

என் பெயர் சுன்னிவா. வயது பதினாறு.
முதுகெலும்பு முப்பத்தெட்டு டிகிரி வளைந்திருக்கிறது.
ஸ்வெட்டருக்குள்ளே நாளுக்கு இருபது மணி நேரம்
ஒரு பிளாஸ்டிக் ஓடு.
யாராவது கட்டிப்பிடித்தால்
டொக்கென்று சத்தம் கேட்கும்,
உடனே அவர்கள் முகத்தில் ஒரு மன்னிப்பு வரும்.
அதனால் நானே முந்திக்கொண்டு
கையை நீட்டிக் குலுக்கிவிடுவேன்.

வாலிபர் கூடுகையில் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள்.
'நீ அருமையானவள்', தங்க எழுத்தில்.
குளியலறைக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினேன்.
வெந்நீர் ஆவியில் மூன்றே நாளில்
நெகிழ்ந்து விழுந்தது.
எல்லா அட்டையிலும் ஒரே வாசகம், ஆண்டவரே.
கைப்பந்து அணித் தலைவி எய்திஸுக்கும் அதேதான்.
அவளுக்கு எதற்கு அட்டை?

ஜெபிக்கத் தெரிந்த வார்த்தைகளெல்லாம்
காதடைப்பானுக்கு வெளியே நின்றன.
கேட்டது இது ஒன்றைத்தான்:
என்னைப் பார்த்து முடிக்க
உமக்கு எத்தனை நொடி ஆனது?

ஜூன் கடைசியில் கரையில் கூடினோம்.
இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம்,
பெய்யலாமா என்று மலைமேல் யோசிக்கும் மழை.
ஹானுஸ் ஆலையிலிருந்து ஒரு பெட்டி சுமந்து வந்தான்.
"மூன்றாம் தொட்டி. சும்மா கொடுத்தாங்க."
எட்டிப் பார்த்தேன்.
மேலே கிடந்ததை எனக்குத் தெரியும்.
வால் பக்கம் கேள்விக்குறி போல வளைவு.
காலையில் தள்ளிவிட்டது நான்தான்.

கரிநெருப்பு. உப்பு. கண்ணில் புகை.
யாரும் பிரசங்கிக்கவில்லை, எனக்கே தோன்றியது:
நீரும் ஒரு விடியலில் கரையில் அடுப்பு மூட்டினீர்.
பிடித்ததில் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னீர்,
நல்லதாகப் பார்த்து என்று சொல்லவில்லை.
வலையை இழுத்தவர்கள் யார்?
உம்மை விட்டு ஓடியவர்கள்.
அவர்களில் ஒருவன்
உம்மைத் தெரியவே தெரியாதென்று சாதித்தவன்.
மீனைப் புரட்டிய உம் கையிலோ ஆணிக் காயம்.
ஆலைக் கணக்கில்
நீரும் மூன்றாம் தொட்டிதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
புகையில் இருமியதை அழுகை என்று நினைத்து
எய்திஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
அவள் தட்டு காலி.
"மதியமும் சாப்பிடல" என்றாள்,
களவை ஒப்புக்கொள்கிற குரலில்.
"போன மாசத்துலேர்ந்தே இப்படித்தான்."

வளைந்த மீனை நடுவில் வைத்தோம்.
முள் போகும் போக்கிலேயே
விரலால் தடவித் தடவிப் பிரிக்க வேண்டியிருந்தது.
இரண்டு நொடியில் ஆகிற காரியமில்லை.
நாலு வாய் சாப்பிட்டாள், எண்ணினேன்.
பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். டொக்.
இருவருமே கையை எடுக்கவில்லை.

முதுகு அப்படியேதான் இருக்கிறது.
செப்டம்பரில் மறுபடி எக்ஸ்ரே.
அடுத்த சனிக்கிழமையும் பட்டை நகர்ந்தது,
வளைந்ததை மூன்றாவதில்தான் போட்டேன்,
கூலி அதற்குத்தான்.
ஆனால் என்னைத் தூக்கி அந்தப் பட்டையில் வைக்க
கை வரவில்லை.

இரவில் ஓட்டைக் கழற்றினால்
விலாவெல்லாம் வார் பதிந்த சிவப்புக் கோடுகள்.
விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.
பாரும், ஆண்டவரே.
அவசரமில்லை.